மருத்துவ ஆய்வுக்கான நெடுநடை முடிந்த பிறகு: கால், காசு, கணக்கு

நெடுவழி:

ரத்தப்புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டுவதற்கான பல நாள் நெடுநடை ஒன்றை அண்மையில் முடித்தேன். நடப்பதற்கு முன்பு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பயிற்சி அட்டவணை, ஷூ, முதுகுப்பை என்று எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கிறது. முடித்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எழுதுவாரைக் காணோம். ஆகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எனக்கு மூன்று கேள்விகள் உள்ளன. முதலாவது உடம்பைப் பற்றியது. படியில் ஏறிவிடுகிறேன், இறங்கத்தான் முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகவே இறங்குகிறேன். வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. இடது பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாம் விரலுக்குச் சற்றுப் பின்னால், ஒரே ஓர் இடத்தில் விரலால் அழுத்தினால் உயிர் போகிறது. இரண்டாவது, ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்களித்தவர்களில் பலருடைய பணம் இன்னும் வந்து சேரவில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. மூன்றாவதைச் சொல்வதற்கே தயக்கம்தான். இத்தனை மாதம் இதற்காகவே வாழ்ந்துவிட்டு, முடிந்ததும் மகிழ்ச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறுமை வந்து உட்கார்ந்துகொண்டது. இது எல்லோருக்கும் நேர்வதுதானா?

இயன்முறையாளர்:

வாழ்த்துகள். கடைசியாக நீங்கள் சொன்ன வலியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தசைவலி பரவலாக இருக்கும். இங்கே வலிக்கிறது என்று ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியாது. எலும்பில் ஏற்படும் அழுத்த முறிவோ, நீங்கள் எழுதியிருப்பது போல, ஒரு புள்ளியில் நின்று வலிக்கும். பாதத்தின் நீள எலும்புகளில், குறிப்பாக இரண்டாவதிலும் மூன்றாவதிலும், இது அதிகம் வரும். 1855ஆம் ஆண்டிலேயே பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்ஹாப்ட், நெடுந்தொலைவு அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்து எழுதிவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு என்பதால், உள்ளே எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. இன்றும்கூட முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போவதுண்டு. ஆகவே, படத்தில் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை அந்தக் காலுக்கு ஓய்வு கொடுங்கள். வெற்றி ஊர்வலம், பாராட்டுக் கூட்டம் என்று யார் அழைத்தாலும் நாற்காலி போடச் சொல்லிவிடுங்கள்.

படி இறங்குவதில் உள்ள சிரமம் வேறு வகை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. இப்படி நீளும்போது சுமை தாங்குவதுதான் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குகிறது. சரிவுப் பாதையில் அதிகம் இறங்கியவர்களுக்கு இது கூடுதலாகவே இருக்கும். ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை உச்சத்தில் இருந்து, பிறகு தானாகத் தணிந்துவிடும். மெதுவாக நடமாடுவது நல்லது. உங்களுக்கு அந்த இடது பாதம் தடையாக இருப்பதால், நீரில் கால்களை அசைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கறுத்த நகம், இறக்கத்தில் விரல் நுனி ஷூவின் முனையில் மீண்டும் மீண்டும் இடித்ததால் அடியில் ரத்தம் கட்டியதன் விளைவு. வலி தெறிக்காத வரை அதைத் தொட வேண்டாம். பழைய நகம் கழன்று விழலாம், பிடுங்காதீர்கள். கால் நகம் முழுவதும் புதிதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். கொப்புளம் வந்திருந்து, அதன் மேல்தோல் பிரியாமல் இருந்தால் அதுவே அதற்குச் சிறந்த கட்டு. உடைந்திருந்தால் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தாலோ, சிவப்புக் கோடு மேலேறினாலோ, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

இனி நடக்கப்போகிறவர்களுக்கும் இரண்டு செய்திகளைச் சொல்லிவைக்கிறேன். மருத்துவமனைகளில் பயன்படும் சாதாரணக் காகித டேப்பைக் கொப்புளம் வரக்கூடிய இடங்களில் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால், ஒட்டாத இடங்களைவிடக் கொப்புளங்கள் 40 சதவீதம் குறைந்ததாக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். மற்றொன்று தண்ணீர். 2002 பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே உடல் எடை கூடியவர்களுக்கு, அதாவது தேவைக்கு மேல் குடித்தவர்களுக்கு, அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. நீண்ட நேரம் மெதுவாக நடப்பவர்களுக்குக் குடிப்பதற்கான வாய்ப்பும் அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள்; பயத்துக்குக் குடிக்காதீர்கள். நீர் வற்றிய உடம்பில் ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் என்பதால், நடையின்போது அவற்றை மிட்டாய் போல விழுங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

கணக்கர்:

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சில அறக்கொடை நடைகளுக்குக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாக்களித்துவிட்டுக் கொடுக்காதவர்களில் பெரும்பாலோர் மறந்தவர்களே தவிர மறுப்பவர்கள் அல்லர். நீங்கள் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அவர்களுடைய நினைவு மங்குகிறது. பிறகு கேட்டால், கேட்பவருக்கும் சங்கடம், கொடுப்பவருக்கும் சங்கடம்.

எனவே நினைவூட்டல் என்று அனுப்பாதீர்கள். அறிக்கை என்று அனுப்புங்கள். "நடையை முடித்துவிட்டேன். மொத்தத் தொலைவு இவ்வளவு. தாங்கள் ஒரு கிலோமீட்டருக்கு அளிப்பதாகச் சொன்ன தொகையின்படி கணக்கு இவ்வளவு ஆகிறது. ஆய்வு நிறுவனத்தின் கணக்குக்கு நேரடியாக அனுப்பலாம், ரசீது தங்கள் பெயருக்கே வரும்" என்று நான்கு வரி போதும். இதில் பெருக்கலை நீங்களே செய்து கொடுப்பது முக்கியம். தொகையைத் தானே கணக்கிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால், அந்தச் சின்ன வேலைக்காகவே பாதிப் பேர் நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவைத்துவிடுவார்கள்.

பணம் உங்கள் சொந்தக் கணக்கின் வழியாகப் போகாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. கையில் ரொக்கமாகக் கொடுத்தவர்கள் இருந்தால், பெயர், தொகை, தேதி மூன்றையும் எழுதி, செலுத்திய சான்றோடு அவர்களுக்கே ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். உங்கள் பயணம், தங்குமிடம், ஷூ ஆகியவற்றின் செலவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொந்தப் பணம் என்றால் அதைச் சொல்வதில் தற்பெருமை எதுவும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால்தான் நல்ல நடைகள் பலவற்றின் மீது வீண் சந்தேகம் எழுகிறது.

மறுகேள்வி:

நடந்தவரின் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் யாராவது இதைக் கேட்டாக வேண்டும். புற்றுநோய் ஆய்வுக்கும் ஒருவர் காலில் நகம் கழல்வதற்கும் என்ன தொடர்பு? ஷூவுக்கும் பயணத்துக்கும் விடுப்புக்கும் செலவிட்டதை நேராக ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கலாம். நண்பர்கள் கொடுப்பதற்கு ஒருவர் வலியை அனுபவித்துக் காட்ட வேண்டும் என்பது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. தவிரவும், பெரும் அரசு நிதியும் மருந்து நிறுவனங்களின் முதலீடும் பாயும் துறையில் இந்தச் சில்லறைக்கு என்ன இடம்?

ஆய்வகவாசி:

மறுகேள்வியின் கடைசி வரியைத்தான் நான் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன், ஏனென்றால் அந்தச் சில்லறையில் வளர்ந்தவர்களில் நானும் ஒருவர்.

அரசு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பீட்டுக் குழு முதலில் கேட்பது முன்தரவு. இந்த எண்ணம் பலிக்கும் என்பதற்கு ஏற்கெனவே என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். அந்த ஆதாரத்தைத் திரட்டுவதற்கே பணம் வேண்டும்; ஆதாரம் இல்லாமல் பணம் வராது. இந்தச் சுழலை உடைப்பது பெரும்பாலும் நோய்சார்ந்த அறக்கட்டளைகள் தரும் சிறிய விதைநிதிதான். ஓர் இளம் ஆய்வாளரின் ஓராண்டுச் சம்பளம், சில பெட்டி வேதிப்பொருள், உறைநிலைப் பெட்டியில் நோயாளிகளின் மாதிரிகளைப் பாதுகாக்கும் செலவு என்று, செய்தித்தாளில் வராத விஷயங்களுக்கே அது போகிறது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுநோயின் கதையைப் பாருங்கள். நுரையீரலில் தடித்த சளி தேங்கி, முன்பெல்லாம் குழந்தைப் பருவத்திலேயே உயிரைக் கொண்டுபோன நோய் அது. அதற்குக் காரணமான மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. மருந்து நிறுவனங்களுக்கு அதில் ஆர்வம் எழவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு, லாபம் நிச்சயமில்லை. அமெரிக்காவில் அந்நோய்க்கான அறக்கட்டளை, ஆண்டுதோறும் பெற்றோரும் உறவினரும் நடந்து திரட்டும் நிதி உட்படத் தன்னிடம் சேர்ந்த நன்கொடையிலிருந்து ஒரு சிறிய மருந்தாய்வு நிறுவனத்துக்கு முதலீடு செய்தது. அந்நிறுவனத்தைப் பின்னர் வெர்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனம் வாங்கியது. 2012இல் ஐவாகாஃப்டர் என்ற மருந்து அனுமதி பெற்றது. நோயாளிகளில் ஏறத்தாழ 4 சதவீதம் பேருக்கு மட்டுமே அது பொருந்தியது. 2019இல் வந்த மூன்று மருந்துக் கூட்டு, ஏறத்தாழ 90 சதவீதம் பேரிடம் காணப்படும் மரபணு மாற்றத்தை இலக்காகக் கொண்டது. மரபணு தெரிந்ததிலிருந்து 30 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் நடந்தவர்களில் பலர், தங்கள் பிள்ளைக்கு அது எட்டாது என்று தெரிந்தே நடந்திருப்பார்கள்.

ரத்தப்புற்றுநோயிலும் இதே நீளம்தான். 1948இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, கடும் ரத்தப்புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்ததாக எழுதினார். எல்லோருக்கும் நோய் திரும்பி வந்தது. அதன் மேல் ஒவ்வொரு மருந்தாகச் சேர்த்து, அளவை மாற்றி, ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்துப் பார்த்துத்தான், வசதியான நாடுகளில் இன்று குழந்தைகளின் நிணநீர்ச் செல் ரத்தப்புற்றுநோயில் ஏறத்தாழ 90 சதவீதம் பிழைப்பு என்ற நிலை வந்திருக்கிறது.

பழைய நடையர்:

மறுகேள்வியின் முதல் வாதத்துக்கும் பதில் வேண்டும் அல்லவா? நேராகக் கொடுத்திருக்கலாம் என்கிறார். ஷூவின் விலையைக் கொடுத்திருக்கலாம், உண்மை. ஆனால் நெடுவழிக்கு வாக்களித்தவர்களின் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? ஒருவர் கேட்டதால்தான் வந்தது. வெறுமனே கேட்டால் ஒருமுறை கொடுப்பார்கள். நடந்துவிட்டுக் கேட்டால், எதற்காக நடந்தாய் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வியில்தான் நோயின் பெயர் முதன்முறையாகப் பலருடைய காதில் விழுகிறது.

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் இயன் போத்தமை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் கால் காயத்துக்காக டான்டன் நகர மருத்துவமனைக்குப் போனவர், குழந்தைகள் பகுதியைக் கடக்கும்போது, பார்க்க நலமாகத் தெரிந்த சில சிறுவர்கள் ரத்தப்புற்றுநோயால் நெடுநாள் இருக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டார். 1985இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கு முனையான ஜான் ஓ'குரோட்ஸிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்ட் வரை, 1,400 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவை, அந்நோய் ஆய்வுக்காக நடந்தார். அவர் வசதியானவர், காசோலை எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதியிருந்தால் வழிநெடுக உண்டியல் குலுங்கியிருக்காது.

வெறுமையைப் பற்றி: ஆம், பெரும்பாலோருக்கும் வருவதுதான். காலையில் எழுந்ததும் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்த வாழ்க்கை திடீரென்று நின்றுவிடுகிறது. உடனே அடுத்த நடைக்குப் பெயர் கொடுத்து அதை அடக்காதீர்கள். பாதம் தேறாமல் கிளம்பிப் பாதியில் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கர் சொன்ன கடிதங்களை எழுதுங்கள். நடையின் மிச்ச வேலை அதுதான், அதற்கு ஒரு மாதம் சரியாக இருக்கும்.

ஒரு தாய்:

என் மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப்புற்றுநோய் வந்தது. இப்போது பள்ளியிறுதி படிக்கிறாள். வலியை அனுபவித்துக் காட்ட வேண்டுமா என்ற கேள்வியைப் படித்தேன். எங்களுக்காக யாரும் வலி படத் தேவையில்லை என்பதில் மறுகேள்வி அவர்களோடு உடன்படுகிறேன். ஆனால் சிகிச்சை நடந்த ஆண்டுகளில் உறவினர்கள் எங்களிடம் நோயைப் பற்றிப் பேசவே அஞ்சினார்கள். முன்பின் அறியாத ஒருவர் அந்த நோயின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு நடப்பதைப் பார்த்தபோது, என் மகள் கேட்டது ஒன்றுதான்: "இவருக்கு எப்படி அம்மா தெரியும்?" அதற்கு மேல் இதில் எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

மறுகேள்வி:

அம்மா, உங்கள் மகளுக்கு என் அன்பு. கேட்காமல் பணம் வராது என்ற பழைய நடையரின் வாதத்தையும் ஏற்கிறேன். ஆய்வகவாசியின் எடுத்துக்காட்டில்தான் எனக்கு உறுத்தல். ஐவாகாஃப்டர் சந்தைக்கு வந்தபோது அதன் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் டாலர். அந்த அறக்கட்டளை 2014இல் மருந்து விற்பனையிலிருந்து தனக்கு வரவேண்டிய உரிமைத்தொகைப் பங்கை 330 கோடி டாலருக்கு விற்றது. பெற்றோர் நடந்து திரட்டிய பணத்தில் உருவான மருந்தை, அதே பெற்றோர் வாங்க முடியாத விலைக்கு விற்பதை என்னவென்று சொல்வது?

ஆய்வகவாசி:

நியாயமான உறுத்தல். அந்த விற்பனையைப் பற்றி எங்கள் துறையிலேயே கடுமையான விமர்சனம் எழுந்தது. கிடைத்த தொகை மேற்கொண்டு ஆய்வுக்குப் போகிறது என்பது ஒரு பதில். அந்த ஒரு பதிலால் விலை குறைந்துவிடவில்லை என்பதையும் மறைக்க முடியாது. இதைத் தீர்க்கும் இடம் நடைபாதை அல்ல, ஒப்பந்தம். ஆகவே நெடுவழியைப் போன்றவர்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் குடைந்து கேட்கலாம்: ஆய்வுகளைத் தேர்வு செய்வது யார், வெளி நிபுணர்கள் மதிப்பிடுகிறார்களா, திரட்டிய தொகையில் எவ்வளவு நிர்வாகத்துக்குப் போகிறது, கண்டுபிடிப்பு மருந்தானால் எல்லோருக்கும் எட்டும்படி செய்ய ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது. நன்கொடையாளர்கள் இதைக் கேட்கத் தொடங்கினால் நிறுவனங்கள் பதில் வைத்திருக்கப் பழகிக்கொள்ளும்.

கணக்கர்:

இடையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கிலோமீட்டர்க் கணக்கில் வாக்களித்தவர்கள், நடையர் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞர், எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்து, செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12 அன்று நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தொலைவு. 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபோது, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே நகருக்கு அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூனில், 22 வயதில் இறந்தார். மேற்குக் கரையை அவர் தொடவில்லை. ஆனாலும் நாட்டின் மக்கள்தொகைக்குத் தலைக்கு ஒரு டாலர் என்று அவர் கேட்ட தொகை, 2 கோடியே 40 லட்சத்துக்கும் மேல், 1981 பிப்ரவரிக்குள் சேர்ந்துவிட்டது. புற்றுநோயால் இடது காலை இழந்த ஸ்டீவ் ஃபோன்யோ 1985இல் அதே நாட்டைக் கரைக்குக் கரை கடந்தே முடித்தார். அவர் பெயர் வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? முடித்தாரா இல்லையா என்பதை வைத்து மக்கள் கொடுப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பாதியில் நின்றவர்களும் கூசாமல் கடிதம் எழுதலாம்.

நெடுவழி:

எல்லோருக்கும் நன்றி. இயன்முறையாளர் சொன்னபடியே போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை; அவர் எழுதியதைச் சொல்லி எம்.ஆர்.ஐ. கேட்டதில், இரண்டாம் நீள எலும்பில் அழுத்த முறிவின் தொடக்கம் தெரிந்தது. கடினமான அடிப்பாகம் கொண்ட காலணி ஒன்றைக் கொடுத்து, ஆறு வாரம் நடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உட்கார்ந்தபடியே கடிதங்களை எழுதினேன். பெருக்கலை நானே செய்து அனுப்பினேன். நிலுவையில் பெரும்பகுதி வந்துவிட்டது. இருவர் சொன்னதைவிடக் கூடுதலாகவே அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், தன் நிலைமை மாறிவிட்டது, இப்போது முடியாது என்று எழுதியிருந்தார். நிறுவனத்திடம் ஆய்வகவாசியின் கேள்விகளையும் அனுப்பியிருக்கிறேன். முதல் மூன்றுக்குத் தெளிவான பதில் வந்தது, ஒப்பந்த நிபந்தனை பற்றி விசாரித்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு சந்தேகம் மிச்சம் உள்ளது. இன்னும் சிலர் தாமதமாக அனுப்பக்கூடும். கணக்கை எப்போது மூடுவது?

கணக்கர்:

முடியாது என்று எழுதியவருக்கு இன்றே பதில் போடுங்கள். வாக்கிலிருந்து விடுவித்துவிட்டதாகவும், வாக்களித்ததற்கே நன்றி என்றும் சொல்லுங்கள். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே நிலுவை என்று இருக்கக் கூடாது. கணக்கை நடை முடிந்த நாளிலிருந்து மூன்று மாதம் திறந்து வையுங்கள். அந்தத் தேதியில் மொத்தத்தை நிறுவனத்தின் எழுத்துபூர்வமான உறுதியோடு எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு நிறுவனத்துக்கு வருவது நிறுவனத்தின் ரசீதோடு நிற்கட்டும், உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஒப்பந்த நிபந்தனை பற்றிய பதில் அதற்குள் வந்தால் அதையும் அந்த அறிக்கையில் சேர்த்துவிடலாம். வராவிட்டால், கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை என்று எழுதுங்கள்.